காசிமேட்டில் பெரணி வளருமா?

"இந்த வீட்டில் செடியா? வெயிலே வராதே!"

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் இப்படிச் சொல்லாத வீடு குறைவு. சந்து குறுகல். எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. மாடிப்படியில் பகலிலும் இருட்டு. ஆசைப்பட்டு ரோஜா வாங்கி வைக்கிறார்கள், அது பூப்பதில்லை. துளசி வைக்கிறார்கள்; அது நோஞ்சானாக நீண்டு, சாய்ந்து விடுகிறது. பிறகு அந்தத் தொட்டியில் துடைப்பத்தைச் செருகி வைத்து விடுகிறார்கள்!

ரோஜாவும் துளசியும் வெயிலைத் தேடும் செடிகள். அவற்றை இருட்டில் வைத்தால் அவை என்ன செய்யும்?

நிழல்தான் வேண்டும் என்று கேட்கும் செடி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பெரணி. செடி விற்கும் கடையில் "பெர்ன்" என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சீப்புப் பல் போல இரண்டு பக்கமும் இலை. நுனி, நாய்வால் போலச் சுருண்டு இருக்கும். நாள் ஆக ஆக அந்தச் சுருள் பிரியும். பார்க்கப் பார்க்க அலுக்காது.

வடசென்னை வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறு இல்லை. ஆனால் வடசென்னையில்தான் இதை அதிகம் காண முடிவதில்லை!

பூ இல்லை, விதை இல்லை

பெரணிக்குப் பூ கிடையாது. காய் கிடையாது. விதையும் கிடையாது. அப்படியானால் இனம் எப்படிப் பெருகுகிறது?

இலையைத் திருப்பிப் பார்த்தால் விடை தெரியும். அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் புள்ளிகள் வரிசையாக இருக்கும். சில பெரணியில் கோடு கோடாக இருக்கும். "ஐயோ, பூச்சி விழுந்துவிட்டது!" என்று பலர் அந்த இலையைக் கிள்ளி எறிந்து விடுகிறார்கள். அது பூச்சி அல்ல. பெரணியின் வித்துத்தூள் அது. தூள் காற்றில் பறந்து, ஈரமான செங்கல்லில் விழுகிறது. அங்கே நகத்தைவிடச் சிறியதாக, இதய வடிவில், ஒரு பச்சைத் தகடு முளைக்கிறது. அந்தத் தகட்டிலிருந்துதான் புதுப் பெரணி வருகிறது. அதற்கு நடுவில் ஒரு துளி ஈரமாவது இருக்க வேண்டும். காய்ந்த இடத்தில் பெரணி இப்படிப் பெருகாததன் காரணம் இதுதான்.

இதன் வயது என்ன தெரியுமா? பெரணி இனம் பூமியில் தோன்றி 36 கோடி ஆண்டு இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பூக்கும் செடிகள் வந்தது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். உலகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரணி வகைகள் இருக்கின்றன.

"அதெல்லாம் ஊட்டிச் செடி ஆயிற்றே! காசிமேட்டு உப்புக் காற்றில் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊட்டியில் 1848ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரசாங்கப் பூங்காவில் பெரணிக்கென்றே தனி வீடு இருப்பது உண்மைதான். தென்னிந்தியப் பெரணிகளைப் படம் போட்டு விளக்கும் பெரிய புத்தகம் ஒன்றை, பெட்டோம் என்ற காட்டிலாகா அதிகாரி 1863-64ஆம் ஆண்டுகளில் சென்னையில் வெளியிட்டார். அவர் பெரும்பாலும் மலைமலையாக ஏறித்தான் அவற்றைச் சேகரித்தார்.

ஆனால் பெரணி மலையில் மட்டும் இருப்பது அல்ல. குளக்கரையிலும் வயலிலும் பறிக்கும் ஆரைக்கீரையைப் பெண்களுக்குத் தெரியும். நாலு இலை கூடி நிற்குமே, அந்தக் கீரை ஒரு பெரணிதான்! மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் பெரணிதான். பழைய சுண்ணாம்புச் சுவரில், தண்ணீர்க் குழாய் கசியும் இடத்தில், யாரும் நடாமலே ஒரு பச்சைச் செடி எட்டிப் பார்ப்பது உண்டு. பல சமயம் அதுவும் பெரணியாகத்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கடையில் "ஆஸ்பராகஸ் பெர்ன்" என்று விற்கிறார்களே, அது பெரணியே அல்ல. அது தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. அதற்குப் பூவும் உண்டு, பழமும் உண்டு.

துறைமுகத்து டாக்டர்

துறைமுகப் புகையில் பெரணி வளருமா என்ற கேள்வி காசிமேட்டில் முதலில் எழுந்தது அல்ல. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் நகரத்தில் ஒரு டாக்டருக்கு இதே கவலை இருந்தது.

அவர் பெயர் நத்தானியேல் வார்டு. லண்டன் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் அவர் வீடு இருந்தது. அந்தப் பகுதியும் காசிமேடு மாதிரிதான். கப்பல், கிடங்கு, கூலியாட்கள், நெருக்கமான வீடுகள். எங்கு பார்த்தாலும் நிலக்கரிப் புகை.

வார்டுக்குப் பெரணி என்றால் உயிர். வீட்டுக் கொல்லையில் கல்லை அடுக்கி, அதன் இடுக்கில் பெரணியும் பாசியும் வளர்த்தார். எல்லாம் புகையில் கருகின. மனம் உடைந்து விட்டு விட்டார்.

1829ஆம் ஆண்டு அவர் வேறு ஒரு காரியம் செய்தார். ஒரு விட்டில் பூச்சியின் கூட்டுப் புழுவை, ஈர மண்ணோடு, அகல வாய்ப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பது அவர் எண்ணம். சில நாளில் பார்த்தால், மண்ணில் பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது! ஒன்று புல். மற்றொன்று, கொல்லையில் எவ்வளவு பாடுபட்டும் வளராத பெரணி!

டாக்டர் யோசித்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிறது. கண்ணாடியில் முத்து முத்தாகப் படிகிறது. மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது. புகையும் உள்ளே நுழைவதில்லை. ஆகவே செடி பிழைத்துக் கொண்டது. அந்தப் புட்டியில் தண்ணீர் ஊற்றாமலே ஏறக்குறைய நாலு ஆண்டு பெரணி உயிரோடு இருந்தது. அவர் ஊரில் இல்லாத சமயத்தில் மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, பிறகுதான் அது அழுகிப் போயிற்று.

உடனே தச்சரை அழைத்துக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833ஆம் ஆண்டு இரண்டு பெட்டிகளில் பெரணியும் புல்லும் வைத்துக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். பல மாதக் கடல் பயணம். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் லண்டனுக்கு வந்தன.

அதற்குப் பிறகு உலகமே மாறிவிட்டது என்று சொல்லலாம். சீனாவிலிருந்து தேயிலைச் செடிகள் இந்தியாவுக்கு வந்தது இந்த மாதிரிப் பெட்டியில்தான். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்கும் சின்கோனா மரத்தை 1860ஆம் ஆண்டுகளில் நீலகிரிக்குக் கொண்டு வரவும் இந்தப் பெட்டி உதவிற்று. புகையில் கருகிய ஒரு பெரணிச் செடியிலிருந்து எத்தனை காரியம் நடந்திருக்கிறது!

இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கண்ணாடிப் பெட்டியில் பெரணி வைப்பது மோகமாகி விட்டது. காடுகளில் பெரணியே மிச்சம் இல்லாதபடி பறித்துத் தள்ளினார்கள். சில அரிய வகைகள் அழியும் நிலைக்கு வந்துவிட்டன. ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பெரணி புகையைத் தின்னுமா?

இங்கே ஒரு விஷயத்தைப் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும்.

"இந்தச் செடியை வீட்டில் வையுங்கள். கெட்ட காற்றை எல்லாம் உறிஞ்சிவிடும்" என்று சொல்லி இப்போது பெரணியை விற்கிறார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவே சொல்லிவிட்டது என்றும் சேர்த்துக் கொள்கிறார்கள்.

நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆராய்ச்சி, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. வீடு அப்படியா இருக்கிறது? கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் கிடைக்கும் நன்மையைச் செடியால் பெற வேண்டுமானால், தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டுமாம்! அப்புறம் மனிதர் எங்கே படுப்பது?

ஆகவே, கண்ணுக்கும் மனத்துக்கும் குளிர்ச்சி என்று பெரணி வளர்த்தால் சரி. ஆலைப் புகைக்கு மருந்து என்று வளர்த்தால் ஏமாற்றந்தான்.

வடசென்னை மக்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தை ராயபுரத்தார் மறக்க மாட்டார்கள். கொடியில் காயப் போட்ட வெள்ளை வேட்டி, எடுக்கும்போது சாம்பல் நிறம். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுப்பு. அந்தத் தூசி எந்தச் செடியாலும் நிற்கவில்லை. மக்கள் போராடினார்கள். வழக்கு நடந்தது. 2011ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அந்த ஆண்டு அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது.

ஆனால் அந்தச் சரக்கு எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று. ஒரு தெருக் குப்பையை அடுத்த தெருவில் கொட்டிய கதைதான். எண்ணூர் மக்களுக்கு 2023ஆம் ஆண்டு டிசம்பர் ஒன்றே போதும். மாதத் தொடக்கத்தில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிற்று. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா வாயு கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களிடம் போய், "வீட்டில் பெரணி வையுங்கள்" என்று யாராவது சொன்னால் அது கேலி.

டாக்டர் வார்டு பெரணியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றினார். துறைமுகத்துக் குழந்தைகளைக் கண்ணாடிக்குள் வைக்க முடியுமா? 1952ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்குப் பிறகே, 1956ஆம் ஆண்டு, புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. புகை குறைந்தது சட்டத்தால். கண்ணாடிப் பெட்டியால் அல்ல.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சுவரில் முளைக்கும் பெரணியில் ஒரு வகை, மண்ணில் உள்ள பாஷாணத்தை (ஆர்சனிக் நஞ்சை) உறிஞ்சித் தன் இலையில் சேர்த்து வைக்கிறது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் இதைக் கண்டுபிடித்தார்கள். மண்ணைச் சுத்தம் செய்ய இது உதவும் என்று ஆராய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆலைப் பக்கத்தில் தானே முளைத்த பெரணியை ஆட்டுக்குப் போடக் கூடாது. வீட்டில் சமைக்கவும் கூடாது.

உப்புதான் பகைவன்

சரி, காசிமேட்டில் எப்படி வளர்ப்பது?

முதலில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். புதிதாக வளர்ப்பவர்களுக்குப் "பாஸ்டன் பெர்ன்" நல்லது. 1894ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு வந்த செடிக்கட்டில் தற்செயலாக அகப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். இலை வளைந்து தொங்கும். சுலபத்தில் சாகாது. "பறவைக்கூடு பெர்ன்" என்பதும் நல்லது. அதன் அகன்ற இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்து விடலாம். மெல்லிய கறுப்புக் காம்பும் சிறு சிறு இலையும் உள்ள மெய்டன்ஹேர் அழகுதான். ஆனால் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் முகத்தைச் சுளிக்கும். அதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

பெரணிக்கு நிழல் பிடிக்கும் என்றால் கும்மிருட்டு பிடிக்கும் என்று பொருள் அல்ல. பகலில் விளக்குப் போடாமல் தினத்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் இருந்தால் போதும். நேர் வெயில் மட்டும் படக் கூடாது. காலை வெயில் சிறிது நேரம் பட்டால் பாதகம் இல்லை.

சென்னையில் ஒரு வசதி உண்டு. "உடம்பெல்லாம் கசகசக்கிறதே!" என்று மனிதர் அலுத்துக் கொள்கிற அந்த ஈரக் காற்று, பெரணிக்கு விருந்து! ஆனால் கடலைப் பார்த்த பக்கம் வைத்தால் காற்றோடு உப்பும் வந்து படியும். இலை நுனி கருகும். ஆகவே கடலுக்கு மறைவான பக்கம், மாடிப்படித் திருப்பம், உள்நடை, இவைதான் தகுந்த இடம்.

தண்ணீரிலும் இதே சங்கடந்தான். வடசென்னையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. அந்த ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பெரணி வாரக்கணக்கில் வாடிச் சாகும். குழாய்த் தண்ணீரை இரவு முழுதும் திறந்து வைத்திருந்து காலையில் ஊற்றலாம். மழைத் தண்ணீர் கிடைத்தால் அமுதம்.

"குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிறோம். செடிக்கு எங்கே போவது?" என்று பெண்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. 2019ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது குடத்தைத் தூக்கிக் கொண்டு அலைந்தது அவர்கள்தான். ஆனால் ஒரு சிறு தொட்டிப் பெரணிக்கு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அரிசி கழுவிய தண்ணீர் அதற்கு மேலே இருக்கும். உப்புப் போடாத கழுநீராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். மீன் கழுவிய தண்ணீரை அப்படியே ஊற்றுவது தவறு. அதில் கடல் உப்பும் வரும், ஈயும் வரும், தெருப் பூனை எல்லாம் வரும்!

மீனால் பயனே இல்லையா? உண்டு. மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை எடுத்து, மூடி வைத்து, மூன்று நான்கு வாரம் ஊற விட்டால் மீன் அமிலம் என்ற உரம் கிடைக்கும். இயற்கை விவசாயிகள் பயிருக்கு இதைத் தெளிக்கிறார்கள். பெரணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி கலந்து, மாதம் ஒரு முறை கொடுத்தால் ஏராளம். அதிகம் போனால் வேர் வெந்துவிடும். காசிமேட்டில் மீன் கழிவுக்குப் பஞ்சமா?

தொட்டிக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். மீன் வைத்து அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகள் உடைந்து மூலையில் கிடக்கின்றன. உப்புப் போக இரண்டு மூன்று முறை கழுவி, அடியில் நாலு துளை போட்டால் தொட்டி ஆயிற்று. செம்மண், மக்கிய இலை எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சமமாகக் கலந்து, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு போடலாம். நார்த்தூளை முன்கூட்டியே ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று கடற்கரை மணலை மட்டும் அள்ளிப் போடக் கூடாது!

கிழிந்த வலையில் உறி கட்டித் தொங்கவிட்டால் தரையில் இடமும் அடைபடாது. வலை பின்னத் தெரிந்த கைக்கு இது ஒரு வேலையா?

கஷ்டமான காலம் கோடைதான். மேற்கேயிருந்து காய்ந்த காற்று அடிக்கும்போது காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வீட்டு ஆண்கள் கரையில் வலையைச் சீர் செய்து கொண்டிருப்பார்கள். அந்த 61 நாளாவது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதை அவர்கள் ஏற்றுக் கொள்ளலாமே!

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் மணல் நிரப்பி வைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். பெரணிக்காகப் பிள்ளையைக் காய்ச்சலில் தள்ளக் கூடாது.

ஒரு சாண் திட்டு

அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் பெரணியால் சண்டை வருவது உண்டு. நடைவழியில் தொட்டி வைத்தால் எதிர்வீட்டார் காலில் இடிக்கிறது. கைப்பிடிச் சுவர்மேல் வைத்தால் கீழ்வீட்டுத் துணியில் தண்ணீர் சொட்டுகிறது. தவறி விழுந்தால் ஆபத்தே வந்துவிடும். "தொட்டி வைக்கக் கூடாது" என்று பலகை மாட்டிவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தலைவலிக்குத் தலையை வெட்டுவது போல.

1970ஆம் ஆண்டு தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறி நடக்கிறது. பழுதான பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுக்கிறது. கட்டும்போதே ஒவ்வொரு வீட்டு வாசல் பக்கத்திலும், கைப்பிடிச் சுவரின் உட்புறமாக, ஒரு சாண் அகலத்துக்குத் திட்டு வைத்தால் என்ன? விளிம்பை ஓர் அங்குலம் உயர்த்தி, தண்ணீர் இறங்க ஒரு சிறு குழாய் பொருத்தினால் கீழ்வீட்டில் சொட்டாது. செலவு பெரிது அல்ல. கட்டட வரைபடம் போடும் இஞ்சினீயர் ஒரு கோடு கூடுதலாக இழுக்க வேண்டும்.

அது வரும்வரை, உள்பக்கக் கம்பியில் உறி கட்டித் தொங்கவிடலாம். ஐப்பசியில் மழை தொடங்கிக் காற்று குளிர்ந்ததும் தொட்டி நிறைந்த பெரணியை எடுத்து, வேரோடு கத்தியால் இரண்டாகப் பிளந்து நடலாம். பிளந்த இரண்டும் பிழைக்கும். ஒன்று போதும் என்றால் மற்றொன்றைத் தண்ணீர் சொட்டுவதாகச் சண்டை போட்ட கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்து விடலாம்.